அப்பாவின் சஃபாரி

அம்பத்தூர் பக்கத்து எங்கள் மேனாம்பேட்டுக்கு சஃபாரி என்ற சொல் டெய்லர் கடை வழியாகத்தான் வந்து சேர்ந்தது. எண்பதுகளின் தொடக்கம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சூப்பர்வைசர் ஆகிவிட்டவர்கள் கல்யாணத்துக்கும் கம்பெனி விழாவுக்கும் அரைக்கை கோட்டும் அதே துணியில் பேன்ட்டுமாக வருவார்கள். நாலு பாக்கெட், தோளில் ஒரு பட்டை. அதன் பெயர் சஃபாரி. சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா, ஃபோர்மேன் ஆன வருடம் போனஸ் பணத்தில் டெய்லரிடம் கருநீலத்தில் ஒன்று தைத்துக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டு அவர் போன நீண்ட பயணம் திருத்தணி வரைக்கும்.

சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்று பொருள், அரபியின் 'சஃபர்' அதற்கு வேர் என்பதெல்லாம் நான் பின்னால் படித்தது. அன்று கேட்டிருந்தால் தெருக்கோடி குதிரை வண்டித் தாத்தா, "சவாரியத்தான் இங்கிலீஷ்ல அப்படிச் சொல்றான்" என்று முடித்திருப்பார்.

காட்டு மிருகம் பார்ப்பதற்கு உயிர் காலேஜ் இருந்தது. எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். அம்பத்தூரில் ரயில் ஏறி இறங்கினால் நடக்கிற தூரம். 1985ல் அது வண்டலூரில் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறந்த பிறகு, கம்பிவலை போட்ட வேனில் ஏறிச் சிங்கம் பார்க்கலாம் என்றார்கள். போனோம். சிங்கம் ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டித் தூங்கியது. அப்பா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிங்கம் எழுந்திருக்கும்னு இதுல போடலயே" என்றார். சஃபாரி கம்பெனி தேர்வு பற்றி நான் கேட்ட முதல் அறிவுரை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்கு டூர் கம்பெனி என்றால் ஒரே ஒருவர்தான். டூர் மாமா. பங்குனியிலும் புரட்டாசியிலும் பால் பூத் சுவரில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டுவார். பிள்ளையார் சுழி, நவக்கிரகக் கோயில்கள், 'காபி, டிபன், சாப்பாடு உட்பட'. கீழே அவர் வீட்டு முகவரி. ஃபோன் நம்பர் கிடையாது, ஏனென்றால் ஃபோன் கிடையாது.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் என் அத்தை அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவாள். அத்தையின் விசாரணையை வேடிக்கை பார்க்கவே நாங்கள் கூடப் போவோம். சமையலுக்கு யார் வருகிறார்? போன தடவை சாம்பாரில் உப்பள்ளிப் போட்டவர்தானா? வேன் யாருடையது? ஒரு சீட்டில் மூன்று பேரா, நாலா? ஜன்னலோரம் மாறி மாறி உண்டா, முதலில் ஏறியவருக்கேவா? டிரைவர் ராத்திரி எங்கே தூங்குவார்? இந்தக் கடைசிக் கேள்விதான் அத்தைக்கு முக்கியம். தூங்காத டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து போன அனுபவம் அவளுக்கு உண்டு. எல்லாம் முடிந்தபின் வேனைச் சுற்றி வந்து டயரைத் தொட்டுப் பார்ப்பாள். டன்லப் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் இருந்த தெரு அது; வழுக்கை டயரை எவரும் மறைக்க முடியாது. அதற்குப் பிறகே முந்தானை முடிச்சு அவிழும்.

ஒருமுறை விழுப்புரம் தாண்டி இன்ஜின் நின்றுவிட்டது. டூர் மாமா எங்கேயோ போய்க் கடன் வாங்கி, வேறு வண்டி பிடித்து, எங்களைத் திருநள்ளாறு வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். விட்டுப்போன இரண்டு கோயிலுக்கு ஊர் திரும்பியதும் தலைக்கு இவ்வளவு என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவரை நல்லவர் என்று சொல்லலாம், நல்லவர்தான். ஆனால் மறுநாள் காலை அதே பால் பூத் வரிசையில் அத்தைக்கு முன்னாலோ பின்னாலோ அவர் நிற்க வேண்டும். அந்த வரிசைதான் எங்களுக்கு இன்சூரன்ஸ்.

இதைச் சொல்லிவிட்டு அந்தக் காலம்போல வருமா என்று பெருமூச்சு விட எனக்கு விருப்பமில்லை. முகம் தெரிந்தவர் என்பதற்காகவே அம்மா சீட்டுக் கட்டிய பக்கத்துத் தெருப் பெண்மணி, ஓர் இரவில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூடியபோது பணத்தைப் போட்டவர்கள், போடச் சொன்னவரைத் தெரியும் என்றுதான் போட்டார்கள். அதன் பிறகுதான் 1997ல் முதலீட்டாளர் நலன் காக்க மாநிலம் தனிச் சட்டமே போட்டது. வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கிறேன் என்று வந்தவர்களும் யாரோ ஒருவருக்கு மச்சானாகவே வந்தார்கள். 1983ன் குடியகல்வுச் சட்டம் பதிவெண் இல்லாத ஆள் ஆள்சேர்க்கக் கூடாது என்றது. பதிவெண்ணைக் கேட்டவர் எங்கள் பக்கம் குறைவு. 'ஏஜென்ட்' என்ற சொல்லுக்கே அன்று எங்கள் தெருவில் ஒரு கெட்ட வாசனை இருந்தது.

சுற்றிப் பார்க்க வெளிநாடு போவது என்பது அப்போது பேச்சிலேயே இல்லை. ஆசை இருந்தாலும் அந்நியச் செலாவணி கிடைக்காது. எண்பதுகளில் ஒருவர் உல்லாசப் பயணத்துக்கு வாங்கக்கூடியது 500 டாலர், அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. பாஸ்போர்ட்டுக்கு நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் வாசலில் விடியற்காலையில் போய் நிற்க வேண்டும். இன்று அமைந்தகரை சேவா கேந்திராவில் டோக்கன் எடுத்து, ஏசியில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். டாலர் கட்டுப்பாடு 2000ல் ஃபெமா வந்து தளர்ந்தது. 2004ல் ஆண்டுக்கு 25,000 டாலர் என்று தொடங்கிய தனிநபர் வரம்பு இப்போது 2,50,000. மேனாம்பேட்டில் யாருக்கும் அந்த வரம்பு இடித்ததாகத் தெரியவில்லை.

ஊரும் மாறியது. ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலம் மனையாகி, மனை அடுக்குமாடியாகி, 2011ல் அம்பத்தூர் நகராட்சியே மாநகராட்சிக்குள் போனது. எஸ்டேட்டில் லேத் ஓடிய ஷெட்டுகள் பலவற்றின் இடத்தில் கண்ணாடி போட்ட ஐடி கட்டடங்கள். அப்படி ஒரு கட்டடத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் 2024 தொடக்கத்தில், தன் அப்பாவின் பணி ஓய்வுக்குப் பரிசாகப் பெற்றோர் இருவரையும் கென்யாவுக்கு அனுப்பப் போகிறேன் என்றாள். மசாய் மாரா சரணாலயம். ஆகஸ்ட் மாதம். தங்கை டிவியில் பார்த்துப் பார்த்து ஏங்கிய இடம். மாப்பிள்ளைக்குக் காசிதான் ஆசை. சொல்லவில்லை.

விஷயம் வெளியே வந்த இரண்டு நாளில் அவள் ஃபோனில் விளம்பரமாகக் கொட்டியது. சிங்கம் கர்ஜிக்காத குறை. 'கென்யா, ஆறு நாள், சைவச் சமையல், ஆற்றைக் கடக்கும் காட்சி உத்தரவாதம்.' மூன்று இடத்தில் விலை கேட்டாள். மூன்றும் மூன்று விதம். ஒன்று அடுத்ததைவிடத் தலைக்கு நாற்பதாயிரம் குறைவு. அந்தக் குறைந்த விலைக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசலாம் என்று முடிவானது. எழுபத்தெட்டு வயது அத்தையும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"தம்பி, வண்டி யாருது?"

"ஏசி வண்டிம்மா, டாப் கிளாஸ்."

"யாருதுன்னு கேட்டேன்."

அங்கே லோக்கல் பார்ட்டி பார்த்துக்கொள்வார்கள் என்றார். பார்ட்டிக்குப் பேர் கிடையாதா என்றாள் அத்தை. நைரோபியில் போய் இறங்கியதும் தெரியும் என்றார். "அப்ப டிரைவர் பேரு?" அதுவும் அங்கே போய்த்தான்.

இந்த இடத்தில்தான் எனக்கு அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் கையில் பிடிபட்டது. டூர் மாமா ஓர் ஆள். விற்றவர், வண்டி பிடித்தவர், கூட வந்தவர், பணத்தைத் திருப்பியவர் எல்லாம் அவரே. ஆப்பிரிக்கப் பயணத்தில் அந்த ஓர் ஆள் நாலாகப் பிரிந்துவிட்டார். சென்னையில் விற்பவர் ஒருவர். அவருக்கு மொத்தமாகக் கொடுக்கும் மும்பைக்காரர் ஒருவர் இருக்கக்கூடும். நைரோபியில் வண்டியும் விடுதியும் ஏற்பாடு செய்யும் கம்பெனி ஒன்று. கடைசியில், காட்டுக்குள் உங்களோடு விடிந்தது முதல் இருட்டும் வரை இருக்கப்போகிற டிரைவர்-கைடு. பயணம் நன்றாக அமைவது அந்தக் கடைசி ஆளால். நாம் பேசி, பேரம் பேசி, பணம் கட்டுவதோ முதல் ஆளிடம். நடுவில் இருப்பவர்களின் பெயரை முதல் ஆள் சொல்லத் தயங்கினால், அவருக்கே தெரியாது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அத்தை விடவில்லை. ஒரு வண்டியில் எத்தனை பேர்? ஏழு. ஜன்னல்? எல்லாருக்கும் தெரியும்மா. எல்லாருக்கும் தெரிவது வேறு, எல்லாருக்கும் ஜன்னல் வேறு என்பது நவக்கிரக டூர் போனவளுக்குத் தெரியாதா? கூரையைத் தூக்கிவிடும் லேண்ட் க்ரூசர் உண்டு. அதே கூரை வைத்த வேன் உண்டு. வேன் மலிவு. மாராவின் சேற்றில் எது மாட்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு தங்கை மகள் நுழைவுக்கட்டணம் சேர்ந்ததா என்று கேட்டாள். "அது மட்டும் அங்க டைரக்டா கட்டிக்கிடணும் மேடம்." மட்டும்! மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கு நாள் கட்டணம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர் என்று 2024ல் ஆனது. ஆகஸ்டில் மூன்று நாள் என்றால் ஒருவருக்கு 600, இருவருக்கு 1,200 டாலர். அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய். தலைக்கு நாற்பதாயிரம் குறைவாகத் தெரிந்த விலை, உண்மையில் பத்தாயிரம் அதிகம்.

உத்தரவாதப் பேச்சு அதற்கப்புறம் வந்தது. ஆறு கடப்பது நூறு சதவீதம் பார்க்கலாம் என்றார். செரெங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் கூட்டம், பொதுவாக ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் மாரா ஆற்றங்கரைக்கு வருகிறது. எந்த நாள், எந்தத் துறை என்பது மழைக்கும் புல்லுக்கும் தெரியும். சில சமயம் கரையில் மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். இதை நூறு சதவீதம் என்று விற்பவரிடம் எனக்குப் பழைய பயம் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் மசினகுடியில், யானை கட்டாயம் என்று சொன்ன ஒரு ஜீப்காரரை நம்பி ராத்திரியில் ஏறினோம். வனத்துறை வேனில் போயிருக்கலாம். யானை காட்டினார். காட்டவேண்டிய கட்டாயத்தில், மூங்கிலுக்குள் ஒதுங்கிய யானையை ஹாரன் அடித்து வெளியே வரவழைத்தார். வந்தது. ஜீப் பின்னோக்கி ஓடிய அந்த அரை நிமிடத்துக்காக என் மனைவி இன்னும் என்னை மன்னிக்கவில்லை. விலங்கைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தவர் அதைக் காப்பாற்ற விலங்கைத்தான் துன்புறுத்துவார். மாராவிலும் அதே கதைதான். பாதையை விட்டு வண்டியை இறக்குவதும், கரையை மறித்து நிறுத்துவதும் வாடிக்கையாளர் கேட்டதால் நடக்கிறது.

பெரிய பெயரிடம் போய்விட்டால் நிம்மதி என்றார் மாப்பிள்ளை. நியாயமான ஆசை. ஆனால் 2019ஐ நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1758ல் தொடங்கிய காக்ஸ் அண்ட் கிங்ஸ் அந்த ஆண்டு கடனைக் கட்ட முடியாமல் அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதற்கு ஒரு மாதம் முன்பு பிரிட்டனின் தாமஸ் குக் ஒரே இரவில் மூடியது. (இந்தியாவில் அதே பெயரில் இருப்பது வேறு முதலாளியின் தனிக் கம்பெனி; அது பாட்டுக்கு நடந்தது.) பிரிட்டன் கம்பெனியோடு போய் வெளிநாடுகளில் சிக்கிய ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரை, 1973 முதல் இருக்கும் அட்டால் என்ற காப்புத் திட்டத்தின் துணையோடு அரசு திருப்பிக் கொண்டுவந்தது. நம் ஊரில் அப்படியொரு திட்டம் இல்லை. கட்டிய முன்பணத்துக்கு நாமே காவல்.

கடைசியில் அமைந்தது மூன்றாவது கம்பெனி. ஓர் அம்மாள் நான்கைந்து ஊழியர்களோடு நடத்துவது. அவரிடமும் அத்தை அதே கேள்விகளைக் கேட்டாள். நைரோபி கம்பெனியின் பெயரைச் சொன்னார். கென்ய டூர் ஆபரேட்டர் சங்கத்தில், 1978ல் தொடங்கிய காட்டோவில், அது உறுப்பினரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்தோம், இருந்தது. டிரைவரின் பெயரையும் சொல்லி, கைடுகள் சங்கத் தேர்வில் அவர் வெள்ளி நிலை என்றார். அங்கே வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் உண்டாம். "ஆறு தாண்டறத பாப்போமா?" என்று தங்கை கேட்டதற்கு, "நான் நாலு தடவை போயிருக்கேன், ஒரு தடவைதான் பாத்தேன். வாக்குக் கொடுக்க மாட்டேன்மா" என்றார். அத்தை ஃபோனிலிருந்து முகத்தைத் திருப்பி எங்களைப் பார்த்துத் தலையாட்டினாள். டயரைத் தொட்டுப் பார்த்த முகம்.

சாப்பாட்டுக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. கென்யாவில் சப்பாத்தியும் சமோசாவும் உள்ளூர்ச் சாப்பாடுதான், கவலைப்படாதீர்கள் என்றார். அதற்குப் பின்னால் ஒரு ரயில் இருக்கிறது. 1896ல் மொம்பாசாவிலிருந்து ரயில்பாதை போட வெள்ளையர்கள் இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூலிகளைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டார்கள். 1898ல் சாவோ ஆற்றுப் பாலத்தில் இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் கூடாரங்களுக்குள் புகுந்து அவர்களைத் தூக்கிப்போயின. நைரோபியே அந்த ரயிலுக்கான டிப்போவாகத்தான் 1899ல் முளைத்தது. இன்று நாம் டாலர் கட்டிச் சிங்கம் பார்க்கப் போகிறோம். அவர்களைச் சிங்கம் தேடி வந்தது.

பணம் கட்டும் இடத்தில் தங்கை மகள் கவனமாக இருந்தாள். கம்பெனி பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும், முதலில் கால் பங்கு, மீதி கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு. விமான டிக்கெட்டின் பிஎன்ஆர் வந்ததும் விமானக் கம்பெனி தளத்திலேயே போட்டுப் பார்த்தாள். விடுதிக்கு நேராக ஒரு மெயில்: இந்தப் பெயரில் அறை இருக்கிறதா? இருக்கிறது என்று பதில்.

முதலில் பேசிய குறைந்த விலைக்காரர் விடாமல் இன்னொரு சலுகை சொல்லியிருந்தார். பாதிப் பணத்தை ரொக்கமாகவோ அவருடைய சொந்த ஜிபே நம்பருக்கோ கொடுத்தால் டிசிஎஸ் மிச்சமாம். 2020 அக்டோபர் முதல் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு விற்பவர் அந்த வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது; வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். எல்லாரும் திட்டுகிற வரிதான், ஆனால் அதற்குள் எனக்கு ஒரு பயன் தெரிகிறது. பிடித்த தொகை நம் பான் எண்ணின் வரிப் பதிவில் ஏறும். ஏறினால், கம்பெனி நம் பெயரைக் கணக்கில் எழுதியிருக்கிறது. ஏறாவிட்டால், நாம் கொடுத்த பணம் எந்தக் காகிதத்திலும் இல்லை. காகிதத்தில் இல்லாத பணத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் என்ன காட்டுவது? 2019ன் சட்டப்படி வழக்கை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மேனாம்பேடும் 2018ல் அம்பத்தூர் தாலுகாவோடு திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. பால் பூத் வரிசை இருந்த இடத்தில் இப்போது ரசீது நிற்கிறது. ரசீது கடன் வாங்கி வேறு வண்டி பிடிக்காது என்பதும் உண்மை.

அந்த அம்மாளின் கம்பெனி முன்பணம் வாங்குவதற்கு முன்பே ஒரு தாள் அனுப்பியது. அதில் முதல் வரி மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில் அந்த அட்டையைக் கேட்பார்கள்; இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியே வைக்கலாம். ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். அறுபதைத் தொட்டவர்களுக்கு டாக்டர் யோசித்துத்தான் போடுவார், ஆகவே பணம் கட்டுமுன் கேட்டு வாருங்கள் என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் வந்தார். நாற்பதாயிரம் குறைவுக்காரர் இதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

தாளில் இன்னும் இருந்தன. பிளாஸ்டிக் கவர் கூடாது. கென்யா 2017லேயே தடை செய்துவிட்டது. (புளியோதரைப் பொடியைத் தங்கை துணிப்பைக்கு மாற்றினாள்.) விசா இல்லை, 2024 ஜனவரி முதல் இ-டிஏ என்ற இணைய அனுமதி. பெட்டியில் பழுப்பு, பச்சை நிற உடுப்பு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பாவின் சஃபாரி சூட் இருக்கிறதா? பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்தேன். அந்துருண்டை வாசனை. தோள் கச்சிதமாகப் பொருந்தியது. வயிற்றில் பொத்தான் எட்டவில்லை, திறந்தே போட்டுக்கொள்ளலாம் என்றார். கண்ணாடி முன் நின்று இரு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஓர் ஆசை உள்ள மனிதர் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தங்கை மகள் ஃபோனில் அந்தத் தாளைத் திறந்து, கடைசி வரியைப் படித்தாள். கருப்பும் கருநீலமும் வேண்டாம். செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் சூட்டை வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து, என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணனோட சஃபாரிக்குத் திருத்தணிதான் லாயக்கு. உள்ள வை."